கொண்டலைக் கணக்கில் எடுக்காத வீடு

ஊறிய நெல் வேகும்போது ஒரு வாசம் எழும். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, அடியில் எங்கோ மாட்டுத்தொழுவம். பிடிக்காதவர்கள் அதை நாற்றம் என்பார்கள். திருநெல்வேலியிலிருந்து கிழக்கே போகும் பஸ் எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது பாதிப்பேர் மூக்கைப் பொத்துவார்கள். நான் பையை எடுக்க எழுந்திருப்பேன்.

இப்போது நான் குடியிருக்கும் நகரத்தில் போன வாரம் நல்ல மழை. மளிகைக்கடைக்காரர் நனைந்த சாக்கு ஒன்றை வாசலில் உதறினார். அந்த வாசத்தின் ஒரு ஓரம் வந்தது. மீதியை நானே வரவழைத்துக்கொண்டேன். வாசத்தின் பின்னாலேயே மைனி வந்துவிட்டாள், ஒரு வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்காக நின்றபடி.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். என் அண்ணன் அரிசி ஆலை வைத்திருக்கிறான். சின்ன ஆலை. நெல் ஊறும் தொட்டிகள், வேகவைக்க ஆவி தரும் பாய்லர், வெந்த நெல்லைப் பரப்பிக் காயவைக்கும் சிமெண்டுக் களம், அரவை நடக்கும் தகரக் கொட்டகை, ஒரு புகைக்குழாய். களத்துக்குக் கிழக்கே ஆலை, மேற்கே வீடு. வீட்டின் சமையலறை ஜன்னல் களத்தைப் பார்த்துத் திறக்கும். களத்தில் பெண்கள் காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு நடப்பார்கள். மைனி உள்ளே கரண்டியால் கிளறிக்கொண்டிருப்பாள். இரண்டு பக்கத்திலும் வாய் ஓயாது. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்தக் கடையில் கருவாடு அழுகல், யாருடைய மாமியாருக்குக் காது திடீரென்று கேட்க ஆரம்பித்துவிட்டது என்பதெல்லாம் அந்த ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில்தான் போகும், வரும்.

வீட்டை மேற்கே வைத்ததில் அண்ணனுக்குப் பெருமை உண்டு. இடம் பார்த்தது ஒரு ஆடி மாதம். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் மேல்காற்று அடித்தால், மேற்கே சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவான். கொடியில் துணி நிற்காது. பேசினால் பேச்சு பேசியவன் வாயை விட்டு வயலுக்குப் போய்விடும். அந்தக் காற்றில் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டி அண்ணன் கத்தினான்:

"ஏலே, காத்து இங்கனருந்து அங்கன போகுது பாத்தியா? புகை பூரா கெழக்க வயக்காட்டுக்குப் போயிரும். வீட்டுக்கு ஒரு பொட்டு வராது."

கொத்தனார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். காற்று என்றால் எங்களுக்கு மேல்காற்றுதான். மலையிலிருந்து இறங்கி ஓடு பிரித்துப்போடும் காற்று. ஐப்பசியில் கிழக்கே கடல் பக்கமிருந்து பைய வரும் கொண்டலை நாங்கள் காற்றாக மதிப்பதில்லை. அது மழையைக் கூட்டிக்கொண்டு வரும், வந்து இருந்துவிட்டுப் போகும், சத்தம் போடாத விருந்தாளி. அன்றைக்கு ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அண்ணன் காட்டிய அதே இடத்தைத்தான் காட்டியிருப்பார்கள். வேறு ஊர்க்காரன் ஒருவன் வந்திருந்தால், வருஷம் முழுவதும் காற்று எப்படி என்று கேட்டிருப்பான். எங்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை.

வெகு காலம் தப்பு தெரியவுமில்லை. அணையில் தண்ணீர் குறைந்து, புரட்டாசியில் அறுக்கும் கார் போகம் பல வருஷம் படுத்துவிட்டது. கொண்டல் வீசும் மாதங்களில் ஆலைக்கு நெல் வரத்து இருக்காது. பாய்லர் பாதி நாள் குளிர்ந்து கிடக்கும். எரிந்த நாட்களிலும் எரிந்தது உமி. நெல்லின் சட்டையை உரித்து அடுத்த நெல்லை வேகவைப்பது. உமிப்புகைக்குக் காரம் கிடையாது. சாம்பலை வண்டி போட்டு வயலுக்கு அள்ளிப்போவார்கள். ஆலையைப் பார்க்க வருகிறவர்களிடம் அண்ணன் சொல்வான், "வெளிய இருந்து ஒரு குச்சி வெறகு வாங்குனது கெடையாது. நெல்லே நெல்ல அவிச்சுக்கும்." அதைச் சொல்லும்போது அவன் முகம் பெற்ற மகளின் பரிசுக் கோப்பையைக் காட்டுகிறவன் முகம்போல் இருக்கும்.

பிறகு உமியைத் தேடி லாரி வந்தது. நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலை நிலக்கரியை நிறுத்திவிட்டு உமிக்கு மாறியது. நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். உமிக்கு அவர்கள் தந்த விலையில் பாதிக்கு, மலைக்கு அந்தப்புறமிருந்து முந்திரிக்கொட்டைத் தோடு கிடைத்தது. சுற்று வட்டாரத்துச் சின்ன ஆலைகள் ஒவ்வொன்றாக மாறின. பெரிய ஆலைகளோடு போட்டி போட்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அண்ணனும் மாறினான். தை முடியும்வரை தன் உமி முழுவதும் அவர்களுக்கே என்று வாக்குக் கொடுத்தான். அந்தக் காசில் உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கிப் போட்டான். இனி வெயில் இல்லாத மாதத்திலும், களத்தில் கிளறி ஆறவைத்த நெல் அதில் ஏறிக் காயும். டெல்டாவிலிருந்து லாரியில் நெல் வர ஏற்பாடும் செய்துகொண்டான். முதன்முறையாக ஆலை மழைக்காலத்திலும் நிற்காமல் ஓடியது. உலர்த்துவதற்கும் பாய்லர் சூடுதான் என்பதால் இரட்டை எரிப்பு.

முந்திரித் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு. கையில் பட்டால் தோல் உரியும். அது எரியும்போது வரும் புகை கறுப்பு. கண்ணுக்குள் மிளகாயை நுணுக்கிவிட்டதுபோல் இருக்கும்.

ஆடியில் அந்தப் புகை கிழக்கே போயிற்று, அண்ணன் சொன்னபடியே. ஐப்பசியில் கொண்டல் திரும்பியது.

அந்த வருஷம் தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனேன். வழக்கம்போல் ஒரு வேலையை விட்டிருந்தேன், அடுத்தது கிடைக்கவில்லை. பஸ் பாலத்தில் ஏறியபோது நெல் வாசத்துக்குப் பதிலாக வேறு ஒரு நெடி முந்திக்கொண்டு வந்தது. தெருவில் பெண்கள் துவைத்த துணியை வாளியில் வைத்துக்கொண்டு புகைக்குழாயை அண்ணாந்து பார்த்து நின்றார்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொடியில் போடுவார்களாம்.

மைனி ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தாள். களத்திலிருந்து மூத்தவள் ஒருத்தி மூடிய கதவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மைனி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"வாங்க கொழுந்தனாரே. இந்த வேலையையும்…" என்று நின்றாள். தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. ஒரு மாதிரி விசில் சத்தம் அவள் நெஞ்சிலிருந்து கேட்டது. "…விட்டாச்சாக்கும்."

கிண்டல் வந்து சேர அத்தனை நேரம் ஆயிற்று. எனக்குச் சிரிக்க வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளே எனக்காகச் சிரித்தாள்.

அந்த வீட்டில் அப்போது புதிதாக ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. மைனி வாக்கியத்தின் நடுவில் நிற்கும்போதெல்லாம் அண்ணன் பதறிப்போய் மீதியைத் தானே சொல்லி முடிப்பான். அவளுக்கு மூச்சு மிச்சமாகட்டுமே என்று. ஆனால் ஒன்றையும் சரியாக முடிக்கமாட்டான்.

"சாயங்காலம் கடைக்குப் போனா எனக்கு…"

"தைலம் வாங்கணும்."

"…கண்ணாடி வளையல் வேணும். தைலமாம் தைலம். கெழவியாக்கியாச்சு."

"அந்தப் பெரிய வீட்டுக்காரி இருக்காள்லா, அவ நேத்து…"

"செத்துப்போயிட்டா."

"அட பாவி மனுசா! சமைச்சுக் குடுத்து விட்டான்னு சொல்ல வந்தேன். நல்லா இருக்கவளக் கொன்னுட்டியள."

அப்புறம் இருவரும் சிரிப்பார்கள். சிரித்தால் மைனிக்கு இருமல் வரும். இருமல் வந்ததும் அண்ணன் சிரிப்பை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு வெந்நீர் எடுக்க ஓடுவான். எனக்கு நினைவு தெரிந்து அந்தச் சமையலறைக்குள் அவன் ஓடியது அப்போதுதான்.

பாளையங்கோட்டை டாக்டர் மருந்து கொடுத்திருந்தார், வாயில் வைத்து உறிஞ்சுவதும் கொடுத்திருந்தார். கடைசியில், "வீட்டு மேலயே புகைய வச்சுக்கிட்டு மருந்தால என்ன செய்யமுடியும்? இடம் மாறுங்க" என்று சொல்லி அனுப்பினார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தினமும் போனில் அழுதாள்: அம்மாவை அனுப்பி வையுங்கள், இனி அந்த வீடே வேண்டாம், இங்கேயே இருந்துவிடட்டும்.

இங்கேயே இருந்துவிடட்டும். அந்தச் சொல்தான் அண்ணனைக் குடைந்தது. தானே திசை பார்த்து, தானே இடம் குறித்துக் கட்டிய வீட்டில் அவளால் மூச்சு விடமுடியவில்லை. அவள் இல்லாமல் அந்த வீட்டில் தன்னால் என்ன செய்யமுடியும் என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

முதலில் புகைக்குழாயை உயர்த்தினான். பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து குழாயின் மேல் குழாய் வைத்துப் பற்றவைத்தார்கள். களத்துப் பெண்கள் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்கள். மூத்தவள் கேட்டாள்:

"அண்ணாச்சி, வானத்துல ஓட்ட போடுதியளா? ஏற்கெனவே நெல்லு காயமாட்டேங்குது, இதுல மேல இருந்து வேற ஒழுகப்போவுது."

"நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா நெல்லக் கிளறு."

"வாயால கிளறல, காலாலதான கிளறுதேன்."

உயர்ந்த குழாயிலிருந்து புகை உயரமாகப் போயிற்று. கொண்டல் அவசரமில்லாத காற்று. புகையை மேலே வாங்கி, ஈரத்தில் நனைத்து, கனமாக்கி, பைய வீட்டு மொட்டைமாடியில் இறக்கி வைத்தது. முன்பு எங்கள் தெருவுக்கு மட்டும் விழுந்தது இப்போது அடுத்த தெருவுக்கும் விழுந்தது. மாடியில் காயவைத்த மோர்மிளகாயில் கறுப்புப் புள்ளி. அண்ணன் ஒரு மிளகாயை எடுத்து வேட்டியில் துடைத்தான். புள்ளி வேட்டிக்கு வந்தது. மிளகாயிலும் இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டே, "கெளம்புலே, உமிக்காரங்களப் போய்ப் பாப்போம்" என்றான்.

பைக்கில் போனோம். வழியெல்லாம் நனைந்த வாழைத் தோட்டங்கள். தொழிற்சாலை வாசலில் எங்கள் ஊர் உமியை ஏற்றிய லாரி ஒன்று உள்ளே போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. தார்ப்பாயின் கிழிசல் வழியாகப் பொன்னிறத் தூள் சிந்திச் சாலையில் ஒட்டிக்கிடந்தது. அண்ணன் இறங்கி அதைக் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தான். "நம்மளதுதான்" என்றான்.

கொள்முதல் பார்க்கும் அதிகாரி சின்ன வயது. மரியாதையான மனிதர். எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தை வரைக்குமாவது தன் உமியில் பாதியைத் தனக்கே விட்டுத்தர முடியுமா, வேண்டுமானால் அவர்கள் தரும் விலையைத் தந்துவிடுகிறேன் என்று கேட்டான். காரணத்தையும் சொன்னான். "வீட்டுல மூச்சுக்கு முடியல" என்று அந்த ஒரு வரியைத்தான் சொன்னான்.

அதிகாரி எழுந்து ஜன்னலைத் திறந்து காட்டினார். அவர்களுடைய புகைக்குழாய் நின்றது. உச்சியில் வெண்மையாக ஏதோ அலைந்து காணாமல்போனது. கீழே ஊழியர் குடியிருப்பு. மாடிகளில் வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணாச்சி, நெலக்கரி எரிச்ச காலத்துல அந்த வீடுகள்ல ஒரு புள்ளையும் வெளிய விளையாடாது. இப்ப பாருங்க. உங்கள மாதிரி ஆளுங்க குடுக்குற உமிய நம்பித்தான் அத நிறுத்துனோம். நடு சீசன்ல ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா எல்லா ஆலைக்கும் விட்டுக்கொடுக்கணும். அப்புறம் நான் திரும்ப நெலக்கரிக்குத்தான் போகணும்."

கெஞ்சவும் இல்லை, விரட்டவும் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அங்கே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அந்த மாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து கிளம்பிய புகை எங்கும் தொலைந்துவிடவில்லை, எங்கள் வீட்டுக்குக் குடி வந்துவிட்டது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. யாரிடம் சொல்வது? தேநீரைக் குடித்து முடித்தோம். வாக்குக் கொடுத்தவன் அண்ணன். அதை மீறுகிற ஆள் அவன் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கும் தெரிந்திருந்தது. "தைக்கு அப்புறம் உமி கெடையாது தம்பி, இப்பவே சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான்.

மதியச் சாப்பாட்டில் மைனி கதை கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நம்ம உமிய நாமளே… வெல குடுத்து வாங்கப் போனியளாக்கும்."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, தலையைத் தூக்காமல், தான் வழியில் யோசித்து வந்ததைச் சொன்னான். தை முடியும்வரை நெல் அவிக்கப்போவதில்லை. பச்சரிசி மட்டும் அரைக்கப்போகிறான். பச்சரிசிக்கு ஊறவைக்க வேண்டாம், வேகவைக்க வேண்டாம். பாய்லரை அணைத்துவிடலாம்.

"அப்ப களத்துல?"

மைனி கேட்டது கிளறும் பெண்களைப் பற்றி. அவிக்காத நெல்லைக் காயவைக்க வேண்டியதில்லை. காயவைக்காவிட்டால் கிளறுவதற்கு ஆள் வேண்டியதில்லை.

"அவளுக மழக்காலத்துல எங்க போவாளுவ? வயல்ல வேலை இருக்கா? எனக்கு…" அவள் நின்றாள். அண்ணன் வாயைத் திறந்தான். அவள் கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். நாங்கள் காத்திருந்தோம். வெளியே பாய்லர் ஆவி சீறும் சத்தம் கேட்டது. "…எனக்கு மூச்சு வேணும்னு அவளுக சோத்துல கைய வைக்கச் சொல்லுதியளா? நாளைக்கு எந்த மொகத்தோட நான் ஜன்னலத் தொறப்பேன்?"

"அப்ப நான் என்னதான்ட்டி செய்ய?"

மைனி தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவன் இலையில் வைத்தாள். அவன் கேட்டதற்கு அதுதான் முதல் பதில்.

"நான் போறேன். தை முடியுத வரைக்கும் மககிட்ட இருக்கேன். மாசியில நம்ம பிசான நெல்லு வரும், நம்ம உமி வரும். அப்ப வாரேன்."

"போனா அங்கயே இருத்திக்கிடுவா அவ."

"இருத்துவா. பேத்திய வேற மடியில போட்டுருவா. நான் வரமாட்டேன்னு பயமா இருக்காக்கும்?"

அண்ணன் அப்பளத்தை நொறுக்கினான். பயம் அவளுக்கும் இருந்திருக்கும். தை முடிந்ததும் லாரிக்காரன் கூடுதல் விலையோடு வந்து நிற்பான், கரண்டு பில் வரும், இன்னொரு வருஷம் என்று இவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அப்புறம் அந்தச் சமையலறை அவளுக்கு இல்லை. அவள் ரசத்தை ஊற்றினாள்.

போகிற நாளில் களத்துப் பெண்கள் கால் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். மூத்தவள், "கோயமுத்தூர்ல பேச ஆள் கெடைக்குமா அக்கா ஒனக்கு? சுவத்தோடதான் பேசணும்" என்றாள். "ஒன்னோட பேசுனதுக்கு சுவரு எவ்வளவோ தேவல" என்றாள் மைனி. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

திருநெல்வேலிப் புது பஸ் ஸ்டாண்டில் காலைப் பஸ். நான் கூடப் போய் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. புகை இல்லாத வெறும் மழைக்காற்றை மைனி ஜன்னல் வழியாக இழுத்து இழுத்து உள்ளே வாங்கினாள். அவள் முகம் தெளிந்துகொண்டு வந்ததைக் கீழே நின்ற அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு அது சந்தோஷமா, தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான். மறுபடி போய் வாழைப்பழம் வாங்கி வந்தான். மூன்றாவதாக எதை வாங்குவது என்று தெரியாமல் எங்கள் பஸ்ஸின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலை நனைந்திருந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தான்.

"தை முடிஞ்சதும் வந்துரு."

"வரமாட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் எங்கே பார்ப்பது?

"நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க. உமியப் போட்டு அடுப்பப் பத்தவச்சிட்டு வரணும். அதுக்கு முந்தி வந்து நின்னியன்னா ஒரு காப்பியக் குடுத்துத் திருப்பி அனுப்பிருவேன், சொல்லிட்டேன்."

"வாரேன்ட்டி."

"வாரேன்னா?"

"பத்தவச்சிட்டு வாரேன்."

பஸ் நகர்ந்தது. அவன் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நாலு எட்டு நடந்தான். மைனி அவன் விரல்கள்மேல் தன் கையை வைத்து, பிறகு ஒவ்வொன்றாக அவற்றைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வரும்போது நல்ல சட்டையா ஒண்ணு போட்டுட்டு வாங்க. மருமகன் வீடு."